வெளியாள் வாசனை இல்லை

அந்தோணிக்கண்ணு நாற்காலியில் உட்கார்ந்தபடியே செத்திருந்தார். கத்தி ஒரே ஒரு தடவைதான் இறங்கியிருந்தது. ஆனால் இடம் தெரிந்து இறங்கியிருந்தது, இடது காதுக்குக் கீழே. வெள்ளைப் பனியன் முழுக்கச் சிவந்து, வேட்டியில் வழிந்து, தரையில் உறைந்து கிடந்தது.

"எல்லாரும் வெளிய போங்க" என்றாள் ஆவுடைச்செல்வி.

இன்ஸ்பெக்டர் ஜெபசிங் கையைத் தட்டினார். "லே, கேட்டுச்சுல்லா? மூக்கு வேலை ஆரம்பிக்கப் போகுது. ஒரு பய உள்ள நிக்கப்பிடாது!"

தூத்துக்குடி மாவட்டத்துக்கே ஒரே மோப்ப அதிகாரி செல்விதான். இருபத்தேழு வயது. பிறக்கும்போது அவளுக்கு மூக்கு வெறும் அலங்காரம். மல்லிகையும் சாக்கடையும் ஒன்று. அம்மாவுக்கும் அப்படி, அண்ணனுக்கும் அப்படி. குடும்பத்தில் வழிவழியாக ஒரு மரபணு பழுது. ஏழு வருஷத்துக்கு முன்னால் காவல்துறை அந்தப் பழுதை நீக்கியது. நீக்கியதோடு நிற்காமல், சாதாரண மனுஷனைவிட ஆயிரம் மடங்கு முடுக்கியும் விட்டது.

கதவைச் சாத்தினாள். கண்ணை மூடினாள்.

மூக்குப்பொடி, பழைய வியர்வை, ரத்தம்: செத்தவர். தேங்காய் எண்ணெய், தாய்ப்பால்: மகள். கிரைப் வாட்டர்: பேத்தி. இரண்டும் மூன்று நாள் பழசு. குழந்தைக்குக் காய்ச்சல் என்று தாயும் பிள்ளையும் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள். டீசல், நைலான் வலை, உப்பு: மருமகன் இன்னாசி. இன்றைய வாசனை. காலையில்தான் உள்ளே வந்திருக்கிறான்.

அடுக்களைப் பக்கம் போனவள் வாயைப் பொத்திக்கொண்டாள். மேடையில் ஒரு தட்டு. பாதி தின்ற சோறு, மேலே சாளைக் குழம்பு. ஊசிப்போய் நுரைத்துக் கிடந்தது. இதைப் போய் ஒரு மனுஷன் எப்படிப் பிசைந்து தின்றான்? பொடி போட்டுப் போட்டுக் கிழவருக்கு மூக்கு மரத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

நினைத்ததோடு விட்டுவிட்டாள்.

வெளியே வந்து, இரண்டு வருஷமாகக் கோர்ட் எழுத்து பிசகாமல் ஏற்றுக்கொள்ளும் அந்த மூன்று வார்த்தைகளைச் சொன்னாள்.

"வெளியாள் வாசனை இல்லை."

வாசலில் குந்தியிருந்த இன்னாசி பதறி எழுந்தான். "யக்கா! இன்னொரு தடவை மோந்து பாருங்கக்கா. நான் விடியக்காலம்தான் கரைக்கே வந்தேன். போட்டுல ஆறு பேரு இருந்தோம், கேளுங்க!"

"ஆறு பேரும் உன் கூட்டாளி" என்றார் ஜெபசிங். "வாய் பொய் சொல்லும்லே. மூக்கு சொல்லாது."

"யக்கா, எம்பிள்ளை மேல சத்தியமா..."

ஏட்டையாவின் லத்தி குறுக்கே வந்தது. ஒரு பல் தெறித்து செல்வியின் ஷூ நுனியில் விழுந்தது. சூடான ரத்த வாசனை. டீசல், உப்பு, பயம், எல்லாம் அதில் இருந்தன.

ஜீப்பில் ஏறும்போது ஜெபசிங் சாவகாசமாகச் சொன்னார். "நாளைக்கு சாயந்திரம் அஞ்சு மணிக்கு உப்பளத்துப் பக்கம் கூட்டிட்டுப் போறோம்மா. கத்தியைப் புதைச்ச இடத்தைக் காட்டுதானாம்."

அதற்கு என்ன அர்த்தம் என்று ஸ்டேஷனில் டீ கொண்டுவருகிறவருக்குக்கூடத் தெரியும். ஒன்றரை மாசத்துக்கு முன்னால் டெய்லர் குருசாமி இதே மாதிரி காதுக்குக் கீழே குத்துப்பட்டுச் செத்தபோது, அவர் மகன் பொன்னிருளனும் இப்படித்தான் கத்தியைக் காட்டப் போனான். பத்தொன்பது வயது. நெஞ்சில் இரண்டு குண்டோடு திரும்பி வந்தான். அந்த வீட்டிலும் செல்வி சொன்னது அதே மூன்று வார்த்தைதான்.

---

மறுநாள் பதினொரு மணிக்குத் தடயவியல் ஆய்வகத்திலிருந்து ரிஸ்வானா கூப்பிட்டாள்.

"மேடம், கோச்சுக்காதீங்க. கையுறை போடாமலா உள்ள போறீங்க? மறுபடியும் உங்க ரத்தம் விழுந்திருக்கு."

"எங்க?"

"சாப்பாட்டுத் தட்டு விளிம்புல ரெண்டு சொட்டு. டெய்லர் வீட்லயும் இப்படித்தான், கதவுக் கொண்டியில. நம்ம ஆளுங்க ரத்தம் எல்லாம் மெஷினுக்கு அத்துப்படி. உங்களதுன்னு கண்டதும் அதுவா கழிச்சுத் தள்ளிரும். எனக்குத்தான் கண்ணு உறுத்துச்சு. விரலை வெட்டிக்கிட்டா ஒரு பிளாஸ்திரி போடுங்க மேடம்!"

செல்வி தன் கைகளைப் பார்த்தாள். கீறல்கூட இல்லை.

"இன்னொரு கூத்து தெரியுமா?" ரிஸ்வானா குரலைத் தாழ்த்தினாள். "உங்க ரத்தம் ஆம்பளை ரத்தம்னு காட்டுது. நான் ரெண்டு தடவை ஓட்டிப் பாத்துட்டேன்."

"அது... என் அண்ணன் குடுத்தது" என்றாள் செல்வி மெதுவாக. "மூக்கு வைத்தியத்துக்கு முன்னால என் எலும்பு மஜ்ஜையைச் சுத்தமா அழிச்சுட்டாங்க. புது மரபணுவை உடம்பு எதிரின்னு நெனச்சு அடிச்சுக் கொன்னுரும்லா, அதுக்கு. அப்புறம் அண்ணன் மஜ்ஜையை ஏத்துனாங்க."

"அப்படிச் சொல்லுங்க! அப்போ உங்களுக்கு ஓடுறது அண்ணன் ரத்தம். வாசனையும் அவரோடதாத்தான் இருக்கணும். உடம்பு வாசனையைத் தீர்மானிக்கிறதே அந்த ரத்தத்துல இருக்கிற செல்லுங்கதானே. ஆமா, மூக்குக்காரங்களுக்கு அவங்க சொந்த வாசனை தெரியாதாமே, நெசமா?"

"நெசம்தான். நாள் முழுக்க தன்னையே மோந்துட்டு இருந்தா பைத்தியம் பிடிச்சிரும். மூளை அதை மட்டும் அடைச்சு வச்சிரும்."

"பாத்தீங்களா!" ரிஸ்வானா கலகலவென்று சிரித்தாள். "அண்ணன் பக்கத்துல நின்னாலும் உங்க மூக்குக்கு அவரு ஆளே இல்ல!"

செல்வி சிரிக்கவில்லை. போனை வைத்தது அவளுக்கு ஞாபகம் இல்லை.

அண்ணன் கோமதிநாயகம் மீன்தூள் ஆலையில் வேலை பார்க்கிறான். மற்றவர்கள் அரைமணி நேரம் நிற்க முடியாத அந்த நாற்றத்தில் அவன் எட்டு மணி நேரம் நிற்பான். மூக்கு இல்லாதவனுக்கென்றே செய்த வேலை. தெருமுனையில் அவன் வரும்போதே செல்விக்கு மீன்தூள் நாற்றம் வந்துவிடும். ஆனால் லீவு நாளில் அவன் குளித்துவிட்டுப் பின்னால் வந்து "ஏட்டி!" என்று கத்தினால், துள்ளி விழுவாள். ஊரையே மோந்து பிடிக்கிறவளுக்கு அண்ணனைப் பிடிக்க முடியவில்லை என்று இருவரும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள்.

அப்புறம் அந்த சோப்பு. மோப்ப அதிகாரிகளுக்கென்று இலாகா கொடுக்கும் வாசனையே இல்லாத சோப்பு. மாசம் ஆறு கட்டி. போன மாசமும் இந்த மாசமும் பாதியிலேயே தீர்ந்துவிட்டது. "என்னண்ணே, நீயா போட்டுக் குளிக்க?" என்று கேட்டதற்கு, "எனக்கு எந்த சோப்பா இருந்தா என்னட்டி, எல்லாம் நுரைதானே" என்றான்.

ஊசிப்போன குழம்பு. மூக்கு மரத்தவன் இல்லை, மூக்கே இல்லாதவன். வேலையை முடித்துவிட்டு நிதானமாக உட்கார்ந்து, நல்ல சோறு என்று நினைத்துத் தின்றிருக்கிறான்.

இன்றைக்குப் புதன்கிழமை. அவனுக்கு வார லீவு.

---

வீட்டுக் கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே நுழைந்து நின்றாள். காய்ந்த துணி, புளி, சுவரில் புதுச் சுண்ணாம்பு. ஆள் இருப்பதற்கான வாசனை துளிகூட இல்லை. இருக்கிறானா, இல்லையா? ஏழு வருஷத்தில் முதல்முறையாக அவளுக்கு ஒரு வீட்டைக் கண்டு பயமாக இருந்தது.

"சீக்கிரம் வந்துட்ட."

பிடரிக்குப் பின்னால் ஓரடியில் குரல். திரும்பினாள். கோமதிநாயகம் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு நின்றான். இடது கட்டைவிரலில் பிளாஸ்திரி.

"குழம்பு எப்படிண்ணே இருந்துச்சு?" என்றாள்.

துண்டு நின்றது.

"எந்தக் குழம்பு?"

"அந்தோணிக்கண்ணு வீட்டுச் சாளைக் குழம்பு. மூணு நாள் பழசு. நுரை தள்ளிக் கெடந்துச்சு."

அவன் துண்டைத் தோளில் போட்டான். பிறகு கதவருகே போய் நாதாங்கியைப் போட்டான். "கண்ணால பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். லைட்டைப் போடல" என்றான், ஏதோ கணக்கில் தப்பு விட்டவன் மாதிரி. "உக்காரு."

"ஏண்ணே?"

"அம்மா எப்படிச் செத்தா, சொல்லு."

"சிலிண்டர் வெடிச்சு. எனக்கு அஞ்சு வயசு."

"எனக்குப் பதினாறு. நான் உன்னைத் தூக்கிட்டுக் கடைக்குப் போயிருந்தேன். பழைய துறைமுகத் தெரு, ஒரே வரிசையில ஆறு வீடு. பால் கெட்டுச்சா, சோறு ஊசிச்சா, அம்மா பாத்திரத்தத் தூக்கிட்டு வீடு வீடாப் போயி 'கொஞ்சம் மோந்து சொல்லுங்க'ன்னு நிப்பா. மோந்துட்டுச் சிரிப்பானுங்க. கெட்டதை நல்லதுன்னு சொல்லி, நாம வயித்தால போறத வேடிக்கை பாப்பானுங்க. இந்தக் குருசாமி சொன்னான், 'உங்களுக்கு மூக்கா இருக்கதுதான் எங்க பொழப்பா'ன்னு."

அவன் குரல் உயரவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"அன்னைக்குக் காலைல இருந்து கேஸ் கசிஞ்சிருக்கு. தெருவே மோந்திருக்கு, செல்வி. அஞ்சு வீடும் கதவைச் சாத்திட்டு, பிள்ளைகளைக் கூட்டிட்டுத் தெருமுனையில போயி நின்னிருக்கானுங்க. நம்ம வீட்டுக் கதவை ஒருத்தன் தட்டல. அந்தோணிக்கண்ணு முந்தாநாள் என் காலைப் பிடிச்சுட்டு என்ன சொன்னான் தெரியுமா? 'வேற யாராவது சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன் தம்பி'ன்னான்."

செல்வி குறுக்கிட்டாள். "பொன்னிருளன் என்னண்ணே செஞ்சான்? அன்னைக்கு அவன் பொறக்கவே இல்லையே."

"அவனை நான் கொல்லல."

"அண்ணே..."

"அவனைக் கொன்னது உன் மூக்கு. நான் குருசாமியக் குத்திட்டு, பிடிபட்டா படுவோம்னுதான் வீட்டுக்கு வந்து படுத்தேன். நீ போயி மோந்துட்டு, வெளியாள் இல்லன்னுட்ட. நம்ம அந்த விளையாட்டு எதுக்கு ஆகும்னு அன்னைக்குத்தான் எனக்கே தெரிஞ்சுச்சு." அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. "நீ பொய்யே சொல்ல வேண்டாம்ட்டி. உனக்குத் தெரிஞ்சத மட்டும் சொல்லு, போதும். இன்னும் மூணு வீடு இருக்கு."

அவள் பையிலிருந்து போனை எடுத்தாள். அவன் கை பாம்பாக வந்து தட்டியது. போன் சுவரில் மோதிச் சிதறியது. கதவுக்குப் பாய்ந்தாள். கொண்டையைப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளினான்.

"அஞ்சு மணி வரைக்கும் இரு. அப்புறம் எங்க வேணா போ!"

"இன்னாசிக்குக் கைப்பிள்ளை இருக்குண்ணே!"

"நமக்கும் ஒரு அம்மா இருந்தாளே!"

கழுத்தைச் சுற்றி அவன் விரல்கள் இறுகின. கொல்ல நினைத்தானா, அடக்க நினைத்தானா, அவனுக்கே தெரிந்திருக்காது. கண்ணில் பூச்சி பறந்தது. பிளாஸ்திரி போட்ட விரலைக் கடித்தாள், எலும்பு பல்லில் தட்டும்வரை. அவன் அலறிக் கையை உதறியபோது முழங்காலை மடக்கி நெஞ்சில் உதைத்தாள். பின்னால் போய் அம்மிக் கல்லில் மண்டை மோதி, சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். இடுப்பிலிருந்து மீன் அறுக்கும் கத்தி நழுவிக் கணீரென்று விழுந்தது.

அவள் அதை எடுத்துக்கொண்டாள்.

"போ" என்றான் அவன், மூச்சு வாங்க. "போயி சொல்லு. ரத்தம் யாருதுன்னு கேப்பாங்க. உன்னுதுன்னு மெஷின் சொல்லும். வாசனை யாருதுன்னு கேப்பாங்க. அதுவும் உன்னுது. யாரைப் பிடிப்பாங்க, சொல்லு பாப்போம்?"

"நீ வந்து ஒத்துக்கோண்ணே. காலைப் பிடிக்கேன்."

"அடுத்த மாசம் சரோஜா. வரிசையில கடைசி வீட்டுக்காரி. இப்போ மகன் வீட்டுல இருக்கா, ரெண்டு பேரப்பிள்ளைக. அப்பவும் நீதான் போயி மோக்கணும்." கண்ணைச் சுருக்கி அவளை ஆசையாகப் பார்த்தான். "என் ரத்தத்தக் குடுத்து உனக்கு மூக்கு வாங்கித் தந்தேன். இது எனக்காகச் செய்யமாட்டியா?"

அவன் எழுந்திருக்க முயலவில்லை. கையில் எதுவும் இல்லை. அவள் கதவைத் திறந்து ஓடியிருக்கலாம். அதை அவள் பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்ப்பாள்.

கத்தி இடது காதுக்குக் கீழே இறங்கியது. ஒரே தடவை.

அவனை மடியில் தாங்கிக்கொண்டாள். சட்டை, கால்சட்டை, கை எல்லாம் நனைந்தது. வீடு முழுக்க ரத்தம். அவள் மூக்குக்குப் புளியும் சுண்ணாம்பும்தான் தெரிந்தது. அண்ணன் செத்துக்கொண்டிருப்பது அவளுக்கு வாசனையாக வரவே இல்லை.

---

மூன்றரை மணிக்கு வாசலில் ஜீப்பும் வேனும் நின்றன. சொந்தக்காரர் வீட்டில் சாவு என்றால் வேறு மாவட்ட மூக்குதான் மோக்க வேண்டும் என்பது விதி. திருநெல்வேலியிலிருந்து தவமணி வந்திருந்தார். ஐம்பது வயது, நரைத்த மீசை, துறையில் மூத்த மூக்கு.

செல்வி படியில் உட்கார்ந்திருந்தாள். ஈரத் துப்பட்டாவைக் கழுத்தில் சுற்றியிருந்தாள். பக்கத்து வீட்டுப் போனில், "வந்து பாத்தேன், அண்ணன் கழுத்தை அறுத்துட்டுக் கெடக்கான்" என்று மட்டும் சொல்லியிருந்தாள். கத்தியை அவன் வலது கையில் வைத்து விரல்களை மடக்கியதும் அவள்தான். அதைச் செய்தபோது எதற்கென்று யோசிக்கவில்லை. உடம்பு தானாகச் செய்தது.

பத்து நிமிஷத்தில் தவமணி வெளியே வந்தார்.

"ஜெபசிங் சார், எழுதிக்கோங்க. உள்ள ஒரே ஆள் வாசனைதான். நம்ம சோப்பு போடுறதால தங்கச்சி வாசனைகூட ஒட்டல. ரெண்டு நாளா வேற யாரும் வரல. கத்தியிலயும் அந்த வாசனை ஒண்ணுதான்." செல்வியிடம் குனிந்து குரலை இளக்கினார். "உங்க மேலகூட அவரு வாசனைதான்மா அடிக்கு. மடியில போட்டு அழுதிருக்கீங்க. உங்க வாசனையே அதுல அமுங்கிப் போச்சு. மனசைத் தேத்திக்கோங்க."

"அப்போ தற்கொலை" என்றார் ஜெபசிங்.

"வெளியாள் வாசனை இல்லை" என்றார் தவமணி.

பேனா காகிதத்தில் ஓடியது. அவ்வளவுதான். முடிந்துவிட்டது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஐந்து வீடு இருந்த மாதிரி.

ஜெபசிங் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஏட்டையா, வண்டிய எடும். உப்பளத்துக்கு நேரமாச்சு."

அப்போதுதான் காற்று திரும்பியது. வேனின் கம்பி வலைக்குப் பின்னாலிருந்து அது வந்தது. டீசல், உப்பு, நேற்றைய ரத்தம், மூத்திரம். எல்லாவற்றுக்கும் அடியில், சட்டைத் தோளில் எப்போதோ ஒழுகிய கிரைப் வாட்டர்.

வீங்கிய முகம் ஒன்று வலையில் அழுந்தியது. "யக்கா" என்றான் இன்னாசி. பல் போன வாயில் வார்த்தை காற்றாக வந்தது. "ஒரே ஒரு தடவைக்கா."

செல்வி எழுந்தாள். துப்பட்டாவை உருவிப் போட்டாள். கழுத்தில் பத்து விரலும் கறுத்துப் பதிந்திருந்தன.

"ஏட்டையா, சாவியை எடுக்காதீங்க. தவமணி சார், இங்க வாங்க."

"என்னம்மா இது கழுத்துல?" என்றார் ஜெபசிங்.

அவள் தவமணி கையிலிருந்த சாட்சிப் பையைத் திறந்து கத்தியை உருவினாள். யாரும் தடுப்பதற்குள் தன் இடது உள்ளங்கையில் ஆழமாக ஒரு கோடு இழுத்தாள். ரத்தம் குபுக்கென்று வந்தது. அண்ணனின் ரத்தம் காய்ந்திருந்த வலது கையையும் சேர்த்து தவமணியின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"ஒண்ணு அவன் ரத்தம், ஒண்ணு என் ரத்தம். கண்ணை மூடிக்கிட்டு மோந்து, எது யாருதுன்னு சொல்லுங்க சார்."

தவமணி கண்ணை மூடினார். வலது கையை மோந்தார். இடது கையை மோந்தார். மறுபடி வலது. நெற்றி வியர்த்தது. முப்பது வழக்குகளில் தான் சொன்ன சொல் எல்லாம் அவருக்கு அந்த நிமிஷம் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"ஒரே ஆள்தான்மா" என்றார், குரலே எழாமல்.

"ரெண்டு பேர்" என்றாள் செல்வி. "முதல்ல அந்த வேனைத் திறங்க. மிச்சத்த நான் சொல்லுதேன்."